ராத்திரியில் நின்றுபோகும் வேன் ஃப்ரிட்ஜ்: பேட்டரியை விடுங்கள், ஒயரைப் பாருங்கள்

கேள்வி இதுதான். டெம்போ டிராவலர் ஒன்றை கேம்பர் வேனாக மாற்றிக் கட்டியிருக்கிறீர்கள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி, எல்எஃப்பி வகை. பக்கத்திலேயே ஆறு வழி ஃப்யூஸ் பாக்ஸ், கூரையில் சோலார் பேனல். புதிதாக 45 லிட்டர் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் வாங்கிப் பின் கதவு ஓரமாக வைத்து, பாடி கட்டியவர்கள் அங்கே விட்டிருந்த சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகினீர்கள். பகலெல்லாம் ஓடுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு மேல் நின்றுவிடுகிறது. கன்ட்ரோல் போர்டில் சின்ன லைட் ஒரு முறை மினுக்கி, சற்று விட்டு மறுபடி ஒரு முறை மினுக்குகிறது. பேட்டரி ஆப் 70 சதவீதம் என்கிறது. எலக்ட்ரீசியனோ பேட்டரி வீக், மாற்றுங்கள் என்கிறார். மாற்றுவதா, தனி ஒயர் இழுப்பதா? இழுத்தால் என்ன சைஸ், என்ன ஃப்யூஸ், எந்த வழியாக? அந்த ஒயரிலேயே பிறகு மிக்ஸிக்கு இன்வெர்ட்டர் போட முடியுமா?

பேட்டரியை மாற்றாதீர்கள். 70 சதவீதம் என்று ஆப் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். பேட்டரியில் இருக்கிற வோல்டேஜ் ஃப்ரிட்ஜ் வரை போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். அந்த ஒற்றை மினுக்கலே அதைச் சொல்லிவிட்டது. டான்ஃபோஸ் (இப்போது சீக்காப் என்ற பெயரில் வருகிறது) பிடி வரிசை கம்ப்ரஸர்களின் கன்ட்ரோல் யூனிட்டில் ஒரு மினுக்கல் என்றால் வோல்டேஜ் குறைவு, இரண்டு என்றால் ஃபேன் கோளாறு, மூன்று என்றால் மோட்டார் கிளம்பவில்லை, நான்கு என்றால் மோட்டார் வேகம் எட்டவில்லை, ஐந்து என்றால் யூனிட் சூடாகிவிட்டது. சீனத் தயாரிப்புகள் பலவும் இதே முறையைத்தான் பின்பற்றுகின்றன. டிஸ்ப்ளே உள்ளவற்றில் இ1 என்று காட்டும்.

இன்றைக்கு ராத்திரியை ஓட்ட ஒரு வழி இருக்கிறது. ஃப்ரிட்ஜில் பேட்டரி பாதுகாப்பு என்று ஹை, மீடியம், லோ மூன்று நிலை இருக்கும். கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் ஹையில் இருக்கும். அந்த நிலையில் ஃப்ரிட்ஜின் முனையில் வோல்டேஜ் 11 சொச்சத்துக்கு இறங்கினாலே நின்றுவிடும். வண்டியைக் கிளப்பும் லெட்-ஆசிட் பேட்டரி படுத்துவிடாமல் காப்பதற்கான ஏற்பாடு அது. உங்கள் லித்தியம் பேட்டரிக்குள் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் எலக்ட்ரானிக் சர்க்யூட்) தனியாக இருக்கிறது, அது தன்னைத் தானே காத்துக்கொள்ளும். ஆகவே லோவுக்கு மாற்றிவிடுங்கள். பால் கெடாமல் இருக்கும். ஒயரிங் சரியாகிவிட்டது என்று மட்டும் இதை வைத்து முடிவு கட்டிவிட வேண்டாம்.

வீட்டு வயரிங்கில் பழகிய கை முதலில் கேட்பது "எத்தனை ஆம்ப்ஸ்?" என்றுதான். 45 லிட்டர் ஃப்ரிட்ஜ் ஓடும்போது 4, 5 ஆம்ப்ஸ் இழுக்கும். ஐந்துதானே, 1 ஸ்கொயர் எம்எம் ஒயர் தாராளமாகத் தாங்கும் என்பார்கள். தாங்கும், தொட்டுப் பார்த்தால் சூடுகூடத் தெரியாது. அதில் தப்பில்லை. ஆனால் வேனில் கேட்க வேண்டியது ஒயர் தாங்குமா என்பதை அல்ல, மறுமுனையில் எத்தனை வோல்ட் மிஞ்சும் என்பதை. 230 வோல்ட்டில் வழியில் 2 வோல்ட் தொலைந்தால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அதே 2 வோல்ட் தொலைந்தால் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது.

கணக்கைப் போட்டுவிடலாம். பேட்டரியிலிருந்து பின் கதவு வரை ஒயர் போகும் பாதை சுமார் ஐந்தரை மீட்டர் என்று சொல்லியிருக்கிறீர்கள். கரண்ட் போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். ஆக 11 மீட்டர் செம்பு. பல இழை செம்பு ஒயரின் ரெசிஸ்டன்ஸ் கிலோமீட்டருக்கு 1 ஸ்கொயரில் 19.5 ஓம், ஒன்றரையில் 13.3, இரண்டரையில் 7.98, நான்கில் 4.95, ஆறில் 3.30. அந்த சாக்கெட்டுக்கு வரும் ஒயர் 1 ஸ்கொயர் என்றால் உங்கள் 11 மீட்டருக்கு 0.21 ஓம். ஐந்து ஆம்ப்ஸ் ஓடும்போது ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே காலி. கம்ப்ரஸர் கிளம்பும் நொடிகளில் மாடலைப் பொறுத்து 8, 10 ஆம்ப்ஸ் வரை எட்டும், அப்போது 2.1 வோல்ட் போய்விடும். அதோடு சிகரெட் லைட்டர் பிளக்கின் ஸ்பிரிங் கான்டாக்டில் கால் வோல்ட், அரை வோல்ட்.

பகலில் சோலார் ஏற்றிக்கொண்டிருக்கும்போது பேட்டரி 13.6, 14 வோல்ட்டில் நிற்கும். 14-இல் இரண்டரை போனாலும் பதினொன்றரை மிஞ்சும், ஃப்ரிட்ஜ் ஓடும். ராத்திரியில் சோலார் இல்லை. எல்எஃப்பி பேட்டரி 70 சதவீதத்தில் 13.2 வோல்ட் அருகே நிற்கும், லோடு ஏறினால் 13-க்கு வந்துவிடும். இரண்டரையைக் கழித்தால் பத்தரை. ஃப்ரிட்ஜ் நின்றுவிடும். நின்றதும் ஒயரில் கரண்ட் இல்லை, வோல்டேஜ் மறுபடி 13. ஃப்ரிட்ஜ் "சரியாகிவிட்டது" என்று நினைத்துச் சற்று நேரத்தில் கிளம்பப் பார்க்கும், மறுபடி விழும். நீங்கள் பார்த்த மினுக்கல் அதுதான். காலையில் மீட்டரை வைத்தால் சாக்கெட்டில் 13.1 என்று அழகாகக் காட்டும். லோடு இல்லாமல் அளந்தால் அப்படித்தான் காட்டும். எலக்ட்ரீசியன் அதைப் பார்த்துவிட்டு ஒயர் சரி, பேட்டரிதான் என்று சொல்லியிருப்பார்.

இப்போது சைஸ். நான்கு ஸ்கொயரில் ஓடும்போது 0.27 வோல்ட், கிளம்பும்போது 0.54. ஆறில் 0.18, 0.36. இரண்டரை ஸ்கொயரில் 0.44, 0.88. இரண்டரை போட்டாலும் லோ நிலையில் ஓடிவிடும். பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் டான்ஃபோஸ் தன் பிடி35 கம்ப்ரஸருக்குக் கொடுக்கும் அட்டவணையே 12 வோல்ட்டில் இரண்டரை ஸ்கொயருக்கு இரண்டரை மீட்டர், நான்குக்கு நான்கு மீட்டர், ஆறுக்கு ஆறு மீட்டர், பத்துக்குப் பத்து மீட்டர் என்று போகிறது. மனசில் வைத்துக்கொள்ள இதைவிடச் சுலபமான கணக்கு கிடையாது: பேட்டரியிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு எத்தனை மீட்டரோ அத்தனை ஸ்கொயர். உங்கள் ஐந்தரைக்கு ஆறு ஸ்கொயர் எம்எம். கோடையில் ஷீட் மெட்டல் பாடிக்குள் 50 டிகிரி வரும்போது செம்பின் ரெசிஸ்டன்ஸ் 20 டிகிரியில் இருப்பதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடும். அதையும் ஆறு தாங்கிக்கொள்ளும். விலை வித்தியாசத்தைப் பார்த்து நான்கில் நிற்காதீர்கள். பலகையைக் கழற்றி மாட்டும் கூலிதான் இந்த வேலையில் பெரிய செலவு.

கடையில் கேட்கும்போது ஒரு எச்சரிக்கை. பழைய ஆட்கள் இன்னும் 3/20, 7/20 (20 கேஜ் இழை மூன்று, ஏழு) என்றுதான் கேட்பார்கள், கொடுப்பார்கள். 3/20 ஏறக்குறைய 2 ஸ்கொயர், 7/20 நாலரை ஸ்கொயர் சொச்சம். ஆன்லைனில் வரும் சில ஆட்டோ கேபிள்களில் "6 எம்எம்" என்று மட்டும் போட்டிருக்கும். அது மேலுறையோடு சேர்த்த விட்டமாக இருக்கலாம், உள்ளே செம்பு ஆறு ஸ்கொயர் இருக்காது. ஸ்கொயர் எம்எம் என்று அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஐஎஸ் 694 முத்திரை உள்ள, 0.3 மி.மீ இழைகள் 84 கொண்ட ஆறு ஸ்கொயர் வீட்டு ஒயர் எந்தக் கடையிலும் கிடைக்கும். இன்ஜின் பக்கம் போகாமல், பைப்புக்குள் அசையாமல் கிடந்தால் அது போதும். வாகனத்துக்கென்றே ஐஎஸ் 2465 தரத்தில் வரும் ஒயர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒற்றைக் கம்பியோ, ஏழு முரட்டு இழையோ வேண்டாம். வண்டி அதிர்வில் லக்கின் (ஒயர் முனையில் மாட்டும் செம்பு வளையம்) கழுத்தில் ஒடியும்.

அடுத்தது செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்பது. இந்தப் போலி இப்போது நிறையப் புழங்குகிறது. ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். ஈயம் பூசிய செம்பு இதற்கு நேர்மாறு: மேலே வெள்ளை, நறுக்கிய முனையில் செம்பு நிறம். இழையை முன்னும் பின்னும் நாலைந்து முறை மடித்துப் பார்த்தாலும் தெரியும், அலுமினியம் சீக்கிரம் முறியும். அலுமினியத்தின் ரெசிஸ்டன்ஸ் செம்பைப்போல் 1.6 மடங்கு. நீங்கள் ஆறு என்று நினைத்துப் போட்டது நான்குக்கும் கீழே நின்றுவிடும். கிரிம்ப் செய்த (லக்கை ஒயர்மேல் அழுத்திப் பிடித்த) இடமும் நாளடைவில் தளரும்.

ஃப்யூஸ் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு குழப்பம் இருக்கிறது. "ஃப்ரிட்ஜைக் காப்பாற்ற எத்தனை ஆம்ப்ஸ்?" என்று கேட்கிறீர்கள். ஃப்ரிட்ஜுக்குள் அதற்கான எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறது. ஃப்யூஸ் காப்பது ஒயரை. வழியில் எங்காவது பிளஸ் ஒயர் பாடியில் உரசி ஷார்ட் ஆனால், ஒயர் எரிவதற்குமுன் ஃப்யூஸ் போக வேண்டும். ஆகவே அது பேட்டரி முனையில் இருக்க வேண்டும்; ஃப்ரிட்ஜ் பக்கத்தில் போட்டால் இடையிலுள்ள ஐந்தரை மீட்டருக்கும் காவல் கிடையாது. ஆறு ஸ்கொயர் 30 ஆம்ப்ஸுக்கு மேலேயே தாங்கும் என்றாலும் இங்கே போட வேண்டியது 15 ஆம்ப்ஸ், நீல நிற பிளேடு ஃப்யூஸ். டான்ஃபோஸ் சொல்லும் அளவும் அதுதான். இன்னொரு காரணம், ஃப்ரிட்ஜோடு வரும் வால் ஒயர் உங்கள் ஆறு ஸ்கொயரைவிட மெல்லியது. ஒரு லைனில் எது மெல்லியதோ அதற்குத்தான் ஃப்யூஸ்.

ஃப்யூஸ் பாக்ஸில் ஒரு வழி காலியாக இருந்தால் அங்கிருந்தே எடுங்கள். அந்த வழியில் வேறெதையும் சேர்க்க வேண்டாம், யுஎஸ்பி சார்ஜர்கூட வேண்டாம். எடுக்குமுன் ஃப்யூஸ் பாக்ஸுக்கு பேட்டரியிலிருந்து வரும் மெயின் ஒயரை ஒரு முறை பாருங்கள். விளக்கும் ஃபேனும் மட்டும் ஓடிய காலத்தில் போட்ட மெல்லிய ஒயராக இருந்தால், பின்னால் ஆறு போட்டும் முன்னால் கழுத்தை நெரித்த கதைதான். அந்த மெயினில் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஒரு மெயின் ஃப்யூஸ் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் எனக்கு அது தெரியவில்லை. பேட்டரி முனையிலிருந்து சிவப்பு கேபிள் நேராக பாக்ஸுக்குள் போகிறது. இதைத்தான் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் சரிசெய்யச் சொல்வேன்.

லித்தியம் பேட்டரியின் உள் ரெசிஸ்டன்ஸ் சில மில்லி ஓம் மட்டுமே. ஸ்பேனர் ஒன்று குறுக்கே விழுந்தால் பிஎம்எஸ் விழித்துக்கொள்வதற்குள் ஆயிரக்கணக்கான ஆம்ப்ஸ் பாய்ந்துவிடும். சாதாரண பிளேடு ஃப்யூஸ் அதிகபட்சம் 1,000 ஆம்ப்ஸைத்தான் சுத்தமாக அறுக்கும். அதற்கு மேல் போனால் ஃப்யூஸ் உருகிய பிறகும் இடைவெளியில் பொறி பறந்துகொண்டே இருக்கலாம். மெயினுக்கு டெர்மினலிலேயே உட்காரும் எம்ஆர்பிஎஃப் வகை (12 வோல்ட் வரிசையில் 10,000 ஆம்ப்ஸ் வரை அறுக்கும்) அல்லது கிளாஸ் டி (Class T) வகை போடுங்கள். வீட்டு டிபி பாக்ஸில் மிஞ்சிக் கிடக்கும் எம்சிபியைக் கொண்டுவந்து மாட்டுகிறவர்களை நிறையப் பார்க்கலாம். ஏசி கரண்ட் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால் அதில் பொறி தானாக அணையும். டிசியில் பூஜ்யம் வராது. டிசிக்கென்று எழுதியிருக்காத எம்சிபியை நம்ப வேண்டாம்.

மைனஸுக்கும் ஆறு ஸ்கொயரிலேயே தனி ஒயர் இழுங்கள். "பாடியே எர்த்துதானே, அங்கேயே ஒரு ஸ்க்ரூ போட்டால் பாதி ஒயர் மிச்சம்" என்று யாராவது சொல்வார்கள். ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலையில் அது வழக்கம்தான், ஹார்னுக்கும் விளக்குக்கும் சரி. டிராவலரின் பின்பக்கத் தகட்டில், பெயின்டுக்கும் சீலன்ட்டுக்கும் நடுவில், ஈரம் படும் இடத்தில் போட்ட ஸ்க்ரூ மழைக்காலம் ஒன்று போனதும் துரு பிடித்து மறுபடி உங்களை இதே கேள்வி கேட்க வைக்கும். இன்னொன்று: உங்கள் பேட்டரி மானிட்டர் தனி ஷன்ட் (போகும் வரும் கரண்ட்டை அளக்கும் துண்டு) வைத்த வகையாக இருந்தால், மைனஸ் ஒயரை பேட்டரி டெர்மினலில் மாட்டாதீர்கள், ஷன்ட்டின் லோடு பக்கத்தில் மாட்டுங்கள். டெர்மினலில் மாட்டினால் ஃப்ரிட்ஜ் குடிக்கும் கரண்ட் எண்ணிக்கையிலேயே வராது, மானிட்டர் நாள் முழுக்க 100 சதவீதம் என்று பொய் சொல்லும்.

இனி வழி. வண்டிக்கு அடியில் சேஸிஸ் ஓரமாகப் போவது சுலபமாகத் தோன்றும். சைலன்சர் சூடு, சக்கரம் வாரி அடிக்கும் கல், சேற்றுத் தண்ணீர் மூன்றும் அங்கேதான். உள்ளேயே, தரையும் பக்கச் சுவரும் சேரும் மூலையில், கப்போர்டுகளின் அடிவழியாகக் கொண்டுபோங்கள். 20 மி.மீ நெளிவுப் பைப்புக்குள் பிளஸ், மைனஸ் இரண்டும் சேர்ந்தே போகலாம். 230 வோல்ட் ஒயர் இருக்கும் பைப்பில் மட்டும் இதை நுழைக்க வேண்டாம். கேஸ் பைப்பிலிருந்தும் தள்ளியே போகட்டும். வீட்டில் ஒட்டும் பிவிசி கேஸிங் மூடி அதிர்வில் கழன்று விழும், வேண்டாம். அரை மீட்டருக்குள் ஒரு கிளாம்ப் என்று பிடியுங்கள். தொங்கிக்கொண்டு ஆடும் ஒயர்தான் உரசும்.

டிராவலரின் விலா எலும்புத் தகடுகளைத் துளைத்துப் போக வேண்டியிருக்கும். துளை போட்டதும் விளிம்பின் பிசிறை அரத்தால் எடுத்து, பிரைமர் தொட்டுவைத்து, காய்ந்த பிறகு ரப்பர் குரோமெட் (துளையின் விளிம்பை மூடும் வளையம்) மாட்டுங்கள். குரோமெட் இல்லாமல் தகடு வழியே போகும் ஒயர் இன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசியும் ஏறி இறங்கட்டும், அதற்குப் பிறகு இன்சுலேஷனைப் பாருங்கள்.

சுவருக்குள் தெர்மோகோல் வைத்து அடைத்திருக்கிறார்களா? நம் பக்கம் பலரும் வெயிலுக்கு அதைத்தான் வைக்கிறார்கள். பிவிசி ஒயர் தெர்மோகோலைத் தொட்டுக்கொண்டே கிடந்தால், பிவிசியை மெத்தென்று வைத்திருக்கும் பொருள் தெர்மோகோலுக்குள் இறங்கிவிடும். ஒயருக்கு இருக்கும் இடம் தெர்மோகோல் உருகியதுபோல் பள்ளமாகும். ஒயரின் மேலுறை விறைத்து, வளைத்தால் வெடிக்கும். சூட்டில் இது இன்னும் வேகமாக நடக்கும். பைப்புக்குள் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை. பலகையைத் திரும்ப மூடுமுன் அளவு டேப்பைப் பக்கத்தில் பிடித்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நாள் கார்பென்டர் துணி மாட்டும் கொக்கிக்கு ஸ்க்ரூ இறக்கும்போது அது உதவும்.

ஒயர் வேலை கெடுவது பெரும்பாலும் நடுவில் அல்ல, முனைகளில். ஆறு ஸ்கொயருக்கான செம்பு லக் வாங்கி, ராட்செட் கிரிம்பரால் அழுத்துங்கள். கட்டிங் பிளேயரால் கடித்து நசுக்கிய லக் பார்க்கக் கெட்டியாக இருக்கும், உள்ளே பாதி இழைதான் பிடித்திருக்கும். கிரிம்ப் செய்ததும் லக்கை ஒரு கையிலும் ஒயரை ஒரு கையிலும் பிடித்து நன்றாக இழுங்கள். வருவதாக இருந்தால் இப்போதே வந்துவிடட்டும். பிறகு உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவைப் போட்டுச் சூடாக்கினால், ஓரத்தில் பசை மணிபோல் பிதுங்கி வரும். ஈரம் உள்ளே போகாது. சால்டர் வைக்கலாமே என்று கேட்பீர்கள். சால்டர் இழைகளுக்குள் ஏறி ஒயரை ஒரு கம்பியாக்கிவிடும். அது முடியும் எல்லையில்தான் அதிர்வு முழுவதும் வந்து சேரும், அங்கேயே ஒடியும். முறுக்கி டேப் சுற்றுவது பற்றி எழுதவே வேண்டாம் என்று நினைக்கிறேன். ஐந்தரை மீட்டருக்கு நடுவில் ஜாயின்ட்டே இல்லாமல் ஒரே துண்டாக இழுங்கள்.

ஃப்ரிட்ஜ் முனையில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கு விடை கொடுங்கள். சிகரெட் பற்றவைக்கச் செய்த துளை அது. நடு முனையை ஒரு ஸ்பிரிங் மட்டும் தாங்குகிறது. ரோட்டின் குலுக்கலில் பின்னுக்கு நழுவும், கான்டாக்ட் குறையும், சூடாகும், சூட்டில் ஸ்பிரிங் தளரும், இன்னும் நழுவும். நாள் முழுக்க ஓடும் ஃப்ரிட்ஜுக்கு 50 ஆம்ப்ஸ் ஆண்டர்சன் கனெக்டர்தான் சரி. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, தலைகீழாகப் போகாது, இழுத்தால் ஒழியக் கழலாது. ஃப்ரிட்ஜின் ஒயரை வெட்டினால் வாரன்டி போய்விடும் என்ற பயம் நியாயம்தான். பெரும்பாலான மாடல்களில் ஒயர் ஃப்ரிட்ஜ் பக்கத்திலும் கழலும். கூடுதலாக ஒரு ஒயர் வாங்கி அதன் பிளக்கை வெட்டி ஆண்டர்சன் மாட்டிக்கொள்ளுங்கள். முடிந்தவரை குட்டையாக வெட்டுங்கள், அது மெல்லிய ஒயர். ஃப்ரிட்ஜ் ஸ்லைடு டிரேயில் இருந்தால் முழுக்க வெளியே இழுக்கும் அளவுக்கு ஒயர் தளர்வு வேண்டும், அந்தத் தளர்வு டிரேயின் தண்டவாளத்தில் மாட்டாதபடி ஒரு கிளாம்ப்பும் வேண்டும்.

வேலை தொடங்குமுன் முதலில் சோலார் பேனலை சார்ஜ் கன்ட்ரோலரிலிருந்து கழற்றுங்கள், பிறகுதான் பேட்டரி மைனஸ். வரிசையை மாற்றி பேட்டரியை முதலில் எடுத்தால் பேனல் வோல்டேஜ் நேராக கன்ட்ரோலரில் தங்கி சிலவற்றைக் கெடுத்துவிடும். கை மோதிரத்தையும் வாட்சையும் கழற்றி வையுங்கள். ஸ்பேனரின் கைப்பிடியில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். எல்லா முனையும் மாட்டி, பிளஸ் மைனஸ் சரிபார்த்து, பேட்டரியை மாட்டிய பிறகு கடைசியாக அந்த நீல ஃப்யூஸை அழுத்துங்கள்.

முடிந்ததும் அளக்க வேண்டும், லோடு ஓடும்போது. ஃப்ரிட்ஜில் வெந்நீர் பாட்டில் ஒன்றை வைத்து மூடினால் கம்ப்ரஸர் நின்று நின்று ஓடாமல் தொடர்ந்து ஓடும். சோலார் இல்லாத நேரமாக, ராத்திரியில் அளங்கள். பேட்டரி டெர்மினலில் ஒரு ரீடிங், ஃப்ரிட்ஜின் முனையில் ஒரு ரீடிங். வித்தியாசம் கால் வோல்ட்டுக்குள் இருந்தால் வேலை சுத்தம். அரை வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ ஒரு முனை சரியில்லை. எந்த முனை என்று கண்டுபிடிக்க மல்டிமீட்டரின் ஒரு குச்சியை பேட்டரி பிளஸ்ஸிலும் மற்றதை ஃப்ரிட்ஜ் பக்கத்து பிளஸ்ஸிலும் வையுங்கள், நீளத்துக்கு ஒரு துண்டு ஒயர் சேர்த்துக்கொள்ளலாம். பிளஸ் வழியில் மட்டும் எத்தனை தொலைகிறது என்று நேராகவே காட்டும். அதே மாதிரி மைனஸ். பிறகு குச்சியை ஒவ்வொரு ஜாயின்ட்டாக நகர்த்துங்கள்: ஃப்யூஸின் இரு பக்கம், லக்குக்கும் ஒயருக்கும் நடுவில், கனெக்டரின் இரு பக்கம். நல்ல ஜாயின்ட் சில பத்து மில்லி வோல்ட்டுக்கு மேல் காட்டாது. ஒரு இடத்தில் திடீரென்று 200, 300 என்று குதித்தால் குற்றவாளி அங்கே இருக்கிறான். எலக்ட்ரீசியனை வைத்தே இந்த அளவை எடுங்கள். சொல்லிப் புரியவைப்பதைவிட அந்த எண்ணை அவரே பார்ப்பது வேகமாக வேலை செய்யும். முதல் மலைப் பயணம் போய்வந்ததும் ஸ்க்ரூ டெர்மினல்களை ஒரு முறை முடுக்கிவிடுங்கள்.

பேட்டரி போதுமா என்பதற்கு: சென்னை, மதுரை வெயிலில் கம்ப்ரஸர் பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்தால் 4 ஆம்ப்ஸ் வீதம் நாளுக்கு 48 ஆம்பியர்-ஹவர். உங்கள் 100-க்குத் தாராளம், சோலார் வெயில் காயும்வரை. ஆனால் ஃப்ரிட்ஜின் மூச்சுத் துளை கப்போர்டு சுவரோடு ஒட்டியிருந்தால் அது பாதி நேரம் இல்லை, முழு நேரமும் ஓடும். காற்று போக வழி விடுங்கள்.

மிக்ஸி விஷயம். இந்த ஒயரில் முடியாது. 750 வாட் மிக்ஸியை இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால், இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்து பேட்டரியிலிருந்து 65 ஆம்ப்ஸுக்கு மேல் போகும். கிளம்பும் நொடியில் அதைவிட அதிகம். ஆறு ஸ்கொயரில் பதினைந்து ஆம்ப்ஸ் ஃப்யூஸ் அந்த நொடியே போய்விடும். பெரிய ஃப்யூஸ் போட்டுப் பார்க்கிறேன் என்று மட்டும் இறங்கிவிடாதீர்கள், அப்போது எரிவது ஒயர். இன்வெர்ட்டரைப் பின்னால் வைக்காமல் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஒரு மீட்டருக்குள் வையுங்கள். 25 ஸ்கொயர் கேபிள், அதற்குத் தனியாக 100 ஆம்ப்ஸ் ஃப்யூஸ். அங்கிருந்து பின்பக்கச் சமையல் மேடைக்கு 230 வோல்ட்டாகக் கொண்டுபோனால் சாதாரண ஒன்றரை ஸ்கொயர் மூன்று கோர் கேபிளே போதும். வேலை இல்லாதபோது இன்வெர்ட்டரை அணைத்துவிடுங்கள். சும்மா இருக்கும்போதே ஒரு ஆம்ப்ஸ் அளவுக்குக் குடிக்கும், நாளுக்கு 24 ஆம்பியர்-ஹவர், உங்கள் ஃப்ரிட்ஜ் குடிப்பதில் பாதி. இண்டக்‌ஷன் அடுப்பு என்று அடுத்து கேட்பீர்கள்: 2,000 வாட்டுக்கு 180 ஆம்ப்ஸ் போலப் போகும், உங்கள் பேட்டரியின் பிஎம்எஸ் 100-இலேயே கதவைச் சாத்திவிடும். தேங்காய்ச் சட்னி மட்டும் மிக்ஸியில், தோசைக்கல் கேஸ் அடுப்பிலேயே இருக்கட்டும்.